வீடு வாங்கத் தனி வழக்கறிஞர் தேவையா?

வேலூர் சத்துவாச்சாரி வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் ஒரு பழைய வீட்டை வாங்கப் பேச்சு நடந்தபோது, எங்கள் குடும்பத்தில் விலையைவிட அதிகமாக விவாதிக்கப்பட்டது, தனியாக ஒரு வழக்கறிஞரை அமர்த்துவதா வேண்டாமா என்பதுதான். வாரியமே கிரயம் செய்து கொடுத்த வீட்டில் என்ன வில்லங்கம் இருந்துவிடும் என்று சித்தப்பா கேட்டார். பத்திரம் எழுத ஆவண எழுத்தர் இருக்கிறார், கடன் தரும் வங்கியின் வழக்கறிஞரும் ஆவணங்களைப் பார்த்துவிடுவார், மூன்றாவதாக ஒருவருக்கு எதற்குப் பணம் என்பது அவருடைய வாதம். வேலூரில் பலரும் இப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் இவர்களில் யார் யாருக்காக எதைப் பார்க்கிறார்கள் என்று யோசித்தபோது என் தயக்கம் தீர்ந்தது. ஆவண எழுத்தர் நாம் தரும் விவரங்களைப் பிழையின்றிப் பத்திரமாக்குவார். விற்பவருக்கு உரிமை உண்டா என்று உறுதி சொல்வது அவர் வேலை அன்று. வங்கி வழக்கறிஞரின் கருத்துரை வங்கியின் கடனைக் காப்பதற்கானது, அதுவும் பெரும்பாலும் நாம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்ட பிறகே வருகிறது. சார்பதிவாளரோ, விற்பவரின் உரிமையை ஆராய்ந்து தீர்மானிக்கும் அதிகாரம் உடையவர் அல்லர். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே கூறியிருக்கிறது.

வில்லங்கச் சான்றைப் பலரும் முடிவான சாட்சியாக நம்புகிறார்கள். அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால் அது வராமல் போகலாம். இறந்துபோன உரிமையாளருக்கு எத்தனை வாரிசுகள் என்பது அதில் வரவே வராது. பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவுதானே தவிர உரிமை மூலம் ஆகாது.

நாங்கள் பார்த்த வீட்டில் சிக்கல் இருந்தது சரியாக இந்த இடத்தில்தான். வாரியம் கிரயம் செய்து கொடுத்தது தந்தையின் பெயருக்கு. அவர் உயில் எழுதாமல் காலமானபின் மகன்கள் இருவரும் தங்களுக்குள் பாகப்பிரிவினை பதிவு செய்து, பட்டாவையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வில்லங்கச் சான்றில் ஒரு குறையும் தெரியவில்லை. நாங்கள் அமர்த்திய வழக்கறிஞர் அம்மா முதலில் கேட்டதே வாரிசுச் சான்றிதழைத்தான். அதில் திருமணமாகிப் போன இரண்டு மகள்களின் பெயர்களும் இருந்தன. சீர் செய்து அனுப்பியாயிற்று, இனி அவர்களுக்குப் பங்கில்லை என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் வேரூன்றியிருக்கிறது. தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அவர்கள் கையெழுத்து இல்லாமல் வாங்கியிருந்தால், பின்னாளில் அவர்கள் கேட்கும் நியாயமான பங்குக்கு நாங்கள் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இன்னொன்றையும் அவர் சரிபார்த்தார். பழைய கிரயப் பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்ற பழைய மாவட்டப் பெயரும் பழைய சர்வே எண்ணும் இருக்க, இப்போதைய பட்டாவில் நகர அளவை எண் இருந்தது. இரண்டும் ஒரே மனைதான் என்பதை அளவுகளோடு ஒப்பிட்டு எழுதிக் கொடுத்தார்.

செலவைப் பற்றிச் சொல்வதானால், முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து, 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு 4.5 லட்சம் ரூபாய் அரசுக்கே போகிறது. வழக்கறிஞருக்குக் கொடுத்தது அதில் மிகச் சிறிய பங்கு. அவர் விற்பவரோ தரகரோ காட்டியவராக இருக்கக் கூடாது; முன்பணத்துக்கு முன்பே அவரிடம் போக வேண்டும்; எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார் என்பதோடு கருத்துரையை எழுத்தில் பெற வேண்டும். இவற்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சகோதரிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம், அல்லது விற்பவர்களாகவே சேர்ந்து கையெழுத்திடலாம் என்று வழக்கறிஞர் இரண்டு வழிகளைச் சொன்னார். அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. நால்வரின் பெயரும் கிரய ஒப்பந்தத்தில் ஏறிய பிறகே முன்பணம் கொடுத்தோம், அவரவர் பங்கை அவரவர் வங்கிக் கணக்கிலேயே.