திருவிழா இல்லாத மாதங்கள்

சிங்கப்பூரில் தமிழ் நாட்டுப்புற இசைக்குழு நடத்துகிறவர்களின் ஆண்டு திருவிழாக்களைச் சுற்றியே அமைகிறது. தை பிறந்தால் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் பொங்கல் மேடைகள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா. அக்டோபர், நவம்பரில் தீபாவளி நிகழ்ச்சிகளும் எஸ்பிளனேட் கலையரங்கின் கலா உற்சவமும். அந்த வாரங்களில் ஒரே சனிக்கிழமைக்கு இரண்டு மூன்று அழைப்புகள் வரும். ஒன்றை ஏற்று மற்றவற்றை மறுக்க நேரும். மே தொடங்கிச் செப்டம்பர் முடியும்வரை எங்களைத் தேடுபவர் அரிது. ஒரு சிறு குழு நிலைக்குமா கலையுமா என்பது அழைப்பில்லாத அந்த மாதங்களில்தான் முடிவாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் மேடைகளைப் பற்றிக் குறைவாகவும் அந்த மாதங்களைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். இரண்டு பறை, ஓர் உறுமி, ஒரு புல்லாங்குழல், ஒரு கித்தார். பறை அடிப்பவர்களில் ஒருவரே முன்பாட்டும் பாடுகிறார், மற்றவர்கள் பின்பாட்டு. மருத்துவமனைத் தாதி, தமிழாசிரியர், கணினித் துறையில் இருப்பவர், கப்பல் பட்டறையில் வேலை செய்பவர், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் என்று ஆளுக்கொரு வாழ்க்கை. தாதியாக இருப்பவரின் பணிநேர அட்டவணை கைக்கு வந்த பிறகே மற்றவர்கள் பயிற்சி நாளைக் குறிப்போம். இவ்வூர் இளையர் குழுக்களுக்கே உரிய இன்னொரு நிலையும் உண்டு. ஆண்பிள்ளைகள் பதினெட்டு வயதையொட்டி முழுநேரத் தேசிய சேவைக்குச் செல்ல வேண்டும். அது ஈராண்டுக் காலம். கை நன்கு படிந்து, அருகில் இருப்பவர் எங்கே மூச்சு விடுவார் என்பதை அறிந்து வாசிக்கத் தொடங்கும் பருவத்தில் ஒருவர் புறப்பட்டுப் போவார். அவர் திரும்பும்போது அடுத்தவர் புறப்பட்டிருப்பார். அதன்பின் பல்கலைக்கழகம், வேலை, திருமணம் என்று ஒவ்வொன்றாக வரும். நான் அறிந்த நல்ல குழுக்கள் பல எந்தச் சண்டையும் இல்லாமல் இப்படித்தான் கரைந்துபோயின. எனவே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இன்னொருவரைப் பழக்கி வைப்பதை நாங்கள் கட்டாயமாகக் கொண்டிருக்கிறோம். இப்போது உறுமி கற்றுக்கொண்டிருப்பவர் ஒரு பெண் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பயிற்சிக்கு இடம் பிடிப்பதே பெரும்பாடு. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் பறை அடிக்க முடியாது. அண்டைவீட்டு இரைச்சலைப் பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை இருந்த அமைதி நேரத்தை இரவு 10 முதல் காலை 8 மணிவரை நீட்டிக்கலாம் என்று 2022இல் பரிந்துரைத்தது. சுவருக்கு அப்பால் கைக்குழந்தையும் இரவு வேலை முடித்து வந்து உறங்குபவரும் இருக்கும் ஊரில் அது நியாயமான பரிந்துரை. ஆனால் பறையின் ஒலி பகல் மூன்று மணிக்கும் பல மாடிகளைக் கடக்கும்; அதற்கு அமைதி நேரம், மற்ற நேரம் என்ற வேறுபாடு கிடையாது. ஆகவே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒலிப்புகாப் பயிற்சிக்கூடங்களுக்குச் செல்கிறோம். அவை ராக் குழுக்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. தாழ்வான கூரை, கனமான துணிச் சுவர், ஓயாத குளிர்சாதனம்.

அந்தக் குளிர்சாதனம் தோல்வாத்தியத்துக்கு என்ன செய்கிறது என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும். பறை என்பது மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல். தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் தொய்ந்து மந்தமாக ஒலிக்கும். உலர்ந்தால் விறைத்துக் கணீரென்று பேசும். தமிழ்நாட்டு ஊர்களில் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சிய பிறகே அடிப்பார்கள். ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சிங்கப்பூரில், புளோக்கின் கீழ்த்தளத்திலோ கலையரங்கின் பின்புறத்திலோ நெருப்பு மூட்ட யாரும் அனுமதிக்க மாட்டார்கள். பயிற்சிக்கூடத்தின் உலர்ந்த குளிரில் விறைத்த தோல், திறந்தவெளி மேடைக்கு வந்த கால்மணி நேரத்தில் தொய்ந்துவிடும். தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டு பாட்டுக்குப் பாட்டு சூடேற்றுகிறோம். செயற்கைத் தோல் பூட்டி, திருகாணியால் முறுக்கும் பறைகள் இப்போது கிடைக்கின்றன. மழைக்கால மேடைகளுக்கு அவை இன்றியமையாதவை, எங்களிடமும் ஒன்று இருக்கிறது. இருந்தாலும் இடக்கையின் சிண்டுக்குச்சி விளிம்பில் விழும்போதும் வலக்கையின் அடிக்குச்சி நடுவில் இறங்கும்போதும் தோற்பறையில் எழும் இரண்டு ஒலிகளுக்கும் இடையே உள்ள தூரம் செயற்கைத் தோலில் குறைந்துவிடுகிறது. ஒத்தையடி என்ற பறையடியில் அந்தத் தூரம்தான் எல்லாமும். எனவே சிறு அரங்குகளில் தோற்பறையை விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

இங்குள்ள தமிழ் இளையர்களிடம் தாளம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உறுமி மேளக் குழுக்களைப் போய்க் கேட்க வேண்டும். முறையான இசை வகுப்பு எதற்கும் செல்லாத, ஆனால் கோயில் விழாக்களில் மணிக்கணக்காக நின்று வாசிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்கு 1973 முதல் தடை இருந்தது; குழுக்களுக்கு இடையே எழுந்த மோதல்கள் ஊர்வலத்தைத் தடுத்ததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை, காவடி சுமப்பவர்கள் வாத்தியத் துணையின்றிப் பல தைப்பூசங்களில் நடந்தார்கள். 2016இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இந்த நீண்ட இடைவெளியிலும் உறுமி வாசிப்பு அழியவில்லை. அது கோயில் வளாகங்களுக்குள்ளும், எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் குழுக்களோடு கொண்ட உறவிலும் வாழ்ந்தது. வளைந்த குச்சியை இடப்பக்கத் தோலில் தேய்த்து அந்த உறுமலை எழுப்ப எங்கள் மாணவருக்குக் கற்றுத் தந்தவரும் அப்படி ஒரு கோயில் குழுவில் வளர்ந்தவரே. அந்தப் பிள்ளைகளைத் தாழ்வாகப் பேசும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது.

பறையைப் பற்றிய தயக்கமும் அதே வகையைச் சேர்ந்தது. பறையைச் சாவு வீட்டோடும், அதை அடித்தவர்களைச் சாதியோடும் சேர்த்துப் பார்த்த பழக்கம் கப்பலேறி இங்கும் வந்தது. ஒருமுறை திருமண வீட்டார் எங்களை அழைத்து, பறையை மட்டும் விட்டுவிட்டு மற்ற வாத்தியங்களோடு வரச் சொன்னார்கள். பணிவோடு மறுத்துவிட்டோம். இந்த நிலை மாறிவருகிறது என்பதும் உண்மை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்து ஆடியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்த வாழ்த்துகள் ஓய நள்ளிரவாகிவிட்டது.

அழைப்பில்லாத மாதங்களில் நாங்கள் செய்யும் முதல் வேலை பாட்டுத் தேடுவது. நடவுப்பாட்டும் ஏற்றப்பாட்டும் எங்களுக்குப் பிடித்தமானவைதாம்; ஆனால் வயலைப் பார்த்திராத நாங்கள் அவற்றை மட்டுமே பாடிக்கொண்டிருந்தால் போதாது. இங்கே வாழ்ந்தவர்களும் பாடியிருக்கிறார்கள். செம்பவாங்கில் 1938இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் அதன் குடியிருப்புகளில் வாழ்ந்தன. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது ஈசூன், உட்லண்ட்ஸ் வட்டாரங்களில் முதியவர்களாக இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பாட்டி, தம் தாயார் பாடிய தாலாட்டை எங்களுக்குப் பாடிக் காட்டினார். மாமன் என்ன கொண்டுவருவான் என்று அடுக்கிக்கொண்டே போகும் பழைய தாலாட்டின் கட்டுமானம்தான். ஆனால் அதில் வரும் மாமன் கப்பல் பட்டறைக்குப் போகிறான், சங்கு ஊதுவதற்குள் கண்ணுறங்கச் சொல்லிப் பிள்ளையிடம் கெஞ்சுகிறாள் தாய். பதிவு செய்யலாமா என்று கேட்டு ஒலிவாங்கியை எடுத்ததும், “மைக்க வச்சா எனக்குப் பாட்டு வராது தம்பி, நீங்க சும்மா கேளுங்க” என்றார். கேட்டோம்; கேட்டு எழுதினோம்; மறுமுறை சென்று அவர் முன்னால் பாடி, அவர் திருத்தியதைத் திருத்திக்கொண்டோம். ஒப்பாரி ஒன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. விளக்கேற்றிய வீட்டுக்குள் அதைப் பாடக் கூடாது என்பதால் லிப்டில் இறங்கிக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்து, பட்டப்பகலில் தாழ்ந்த குரலில் பாடினார்.

அந்தத் தாலாட்டை மேடைக்குக் கொண்டுவர நெடுங்காலம் பிடித்தது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் ‘ஆராரோ’ தாளத்துக்குள் அடங்காமல் நீண்டு இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதன் நீளம் வேறு. கித்தார் வாசிப்பவர் அதற்குச் சுரக்கட்டுகள் (கார்டுகள்) பொருத்திப் பார்த்தார். பாட்டு உடனே சதுரமாகி, எங்கோ கேட்ட திரைப்பாடல் போல ஒலித்தது. இறுதியில் ஒரே தந்தியை மட்டும் மீட்டி ஆதார ஒலியாக நிறுத்தி, மற்ற வாத்தியங்கள் அனைத்தையும் அமைதியாக்கினோம். நாட்டுப்புறப் பாட்டைப் ‘புதுமை’ செய்கிறோம் என்று சொல்லும் குழுக்கள் முதலில் வாத்தியத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பாட்டின் நடையைக் காக்க, சில நேரங்களில் வாசிக்காமல் இருப்பதே வாசிப்பவரின் வேலையாகிறது.

பணத்தைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. தேசியக் கலைகள் மன்றத்தின் மானியங்கள் இருப்பதால்தான் சிறு குழுக்களால் நிகழ்ச்சி நடத்த முடிகிறது. அதற்கு நன்றியுடையவனாக இருக்கிறேன். ஆனால் மானியம் பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சிக்கோ ஒரு திட்டத்துக்கோ கிடைப்பது. வாரந்தோறும் நடக்கும் பயிற்சியின் வாடகை எங்கள் சம்பளத்திலிருந்தே போகிறது. இணைய ஒலிபரப்பை நம்புவதற்கில்லை. ஓராண்டில் 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் உரிமத்தொகை தருவதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காட்டினர், பத்தாண்டுகளுக்கு முன்பு அது 3.3 விழுக்காடு. இந்த எண்ணிக்கைக்குள் ஒப்பாரியும் தாலாட்டும் பாடும் குழுவுக்கு எத்தனை பேர் காது கொடுப்பார்கள் என்பதை அறிந்தே நாங்கள் இதில் இருக்கிறோம்.

அப்படியானால் தேவைப்படுவது என்ன? மாதந்தோறும், மாறாத ஒரு நாளில், முப்பது பேர் உட்காரக்கூடிய ஓர் அறை. இதைச் சொல்லும்போது இவ்வூர்ச் சீன மாணவர்கள் 1980களில் வளர்த்த ‘சின்யாவ்’ இயக்கத்தை நினைத்துக்கொள்கிறேன். கித்தாரோடு தாங்களே எழுதிய பாடல்களை அவர்கள் கல்லூரி வளாகங்களிலும் சமூக மன்றங்களிலும், புத்தகக் கடைகள் நிறைந்த பிராஸ் பாசா கட்டடத்தின் நடுமுற்றத்திலும் பாடினார்கள். பெரிய அரங்குகளுக்கு அவர்கள் சென்றது அதன் பிறகே. தங்கள் வயதுடையவர்கள் தங்கள் முன்னால் உட்கார்ந்து கேட்பதைப் பார்த்துத்தான் அடுத்த பாட்டை எழுதினார்கள். விழா மேடையில் எங்களுக்குக் கிடைப்பது பன்னிரண்டு நிமிடம். முன்வரிசை விருந்தினர்கள் புறப்படும் நேரத்தில் தாலாட்டைப் பாட இயலாது, எடுப்பாக இரண்டு தெம்மாங்கைப் பாடிவிட்டு இறங்குகிறோம். அதில் குறையொன்றும் இல்லை, மக்கள் எழுந்து ஆடுகிறார்கள். ஆனால் அந்த மேடைக்காக மட்டுமே பயிற்சி செய்யும் குழுவின் கையில் நாளடைவில் அந்த இரண்டு தெம்மாங்குகள்தாம் மிஞ்சும்.

எங்கள் மாதக் கூடுகையை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைத்திருக்கிறோம். தமிழகத்திலிருந்து வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் சகோதரர்கள் பலருக்கு அன்றுதான் ஓய்வு. அவர்கள் வரத் தொடங்கிய பிறகு கூடுகையின் தன்மையே மாறிவிட்டது. புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் நாங்கள் பாடிய கும்மியைக் கேட்டுவிட்டு, தம் ஊரில் அதே மெட்டு வேகம் கூடி, மூன்றாம் அடியில் வேறு திருப்பத்தோடு வரும் என்று கைதட்டிக் காட்டினார். அடுத்த வாரம் அந்தத் திருப்பத்தைப் பயின்றோம்; அது எங்கள் பழைய வடிவத்தைவிடச் சிறப்பாக அமைந்தது. மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, நாற்காலிகள் வட்டமாக. பாதி நேரம் நாங்கள் பாடுவோம். மீதி நேரம் வந்தவர்கள் பாடுவார்கள்.

இப்போது கூடும் அறையின் வாடகை ஒப்பந்தம் இந்த ஆண்டு இறுதியில் முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. சமூக மன்றம் ஒன்றிடமும் கலை மையம் ஒன்றிடமும் விண்ணப்பித்திருக்கிறோம். ஞாயிறு மாலை நான்கு மணிமுதல் ஏழு மணிவரை போதும், தோல்வாத்தியம் வாசிக்க இடையூறில்லாத அறையாக இருக்க வேண்டும், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தொலைவில் இருந்தால் விடுதிக்குத் திரும்ப வேண்டிய சகோதரர்களுக்கு உதவியாக இருக்கும். அப்படி ஓர் இடம் தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். உறுமி கற்க விரும்பும் பிள்ளைகள் இருந்தாலும் அனுப்புங்கள். வாத்தியம் எங்களிடம் இருக்கிறது.