கண்மாய்ப் புதரும் காட்டுப்பன்னியும்

நம் ஊர்களில் இப்போது வேட்டைப் பருவம் என்று எதுவும் கிடையாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வேட்டைக்கு உரிமமும் வேட்டையாடக் கூடாத காலமும் அதில் இருந்தன. 1991 திருத்தம் உரிமத்தையே எடுத்துவிட்டது. மாசி சிவராத்திரியை ஒட்டிக் கம்பும் நாயுமாக முயலுக்குப் போவது பழைய வழக்கம்தான். ஆனால் சட்டத்தின் கணக்கில் கண்ணி வைப்பதும், விரட்டிப் பிடிப்பதும், கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டைதான்.

ஆனாலும் காட்டுப்பன்னியின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாமல் கடலையோ கரும்போ போட முடியாது. கடலை பிஞ்சுவிடும் நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் ஒரே ராத்திரியில் அரைக் காணி போய்விடும். அதனால் எண்ணிக்கை எப்படிப் பெருகுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சினைக்காலம் ஏறக்குறைய 115 நாள். ஒரு ஈற்றுக்கு நாலிலிருந்து ஆறு குட்டி. தீனியும் தண்ணீரும் மறைவும் இருந்தால் குட்டியாகப் பிறந்த பெட்டை ஒரு வருசத்துக்குள்ளேயே சினைப்பிடித்துவிடும். ஒற்றையாகத் திரியும் பெரிய ஆண்பன்னியைச் சுட்டுவிட்டால் தொல்லை தீரும் என்பது தப்புக்கணக்கு. ஒரு ஆண் பல பெட்டைகளோடு சேரும். அது போனால் இன்னொன்று வரும்.

செட்டிநாட்டில் பன்னிக்கு மறைவு கொடுப்பது காடு அல்ல, தூர்ந்த கண்மாயில் மண்டிய சீமைக்கருவேலம். பகலில் அதற்குள் படுத்துக்கொள்ளும், அதன் நெற்றையும் தின்னும். வெட்டி மட்டும் விட்டால் மறு மழைக்கு அடிக்கட்டை இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு பெயர்க்க வேண்டும். கண்மாய் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசிதான் அதற்கு நேரம். வயல் பக்கமிருந்து வேலையைத் தொடங்கினால் கூட்டம் எதிர்ப்பக்கமாக விலகும். எதிர்ப்பக்கமிருந்து தொடங்கினால் நேராக வயலுக்குள் வந்துவிடும். பறவை கூடுகட்டும் கண்மாய்களில் நாட்டுக் கருவேலத்தைத் தொடக் கூடாது. வேட்டங்குடியும் கொள்ளுக்குடிப்பட்டியும் 1977 முதல் சரணாலயம். பறவைகள் கலையக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர்கள் அவை. இதைச் சொல்லும்போதே மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

சூரிய மின்வேலி போடுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது எர்த்தில்தான். வேலியின் மின்சாரம் பன்னியின் உடல் வழியாக மண்ணுக்குள் இறங்கி எர்த் கம்பிக்குத் திரும்பினால்தான் அதிர்ச்சி உறைக்கும். நம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கோடையில் காய்ந்து மின்சாரத்தைக் கடத்தாது. துத்தநாகம் பூசிய ஆறடி இரும்புக் (ஜி.ஐ.) கம்பி மூன்றைப் பத்தடி இடைவெளியில் ஈரம் நிற்கும் இடத்தில் அடித்து, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேலிக் கம்பிகள் தரையிலிருந்து 20, 40, 60 சென்டிமீட்டரில் இருக்கட்டும். அடிக்கம்பி இதைவிட உயர்ந்தால் பன்னி மண்ணைக் கிளறி உள்ளே நுழைந்துவிடும். புல் முட்டினால் மின்சாரம் கசியும். வாரம் ஒருமுறை செதுக்கிவிட்டு, வேலியின் கடைசி முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 4,000 வோல்ட்டுக்குக் கீழே போனால் எங்கோ கசிகிறது. காப்புக்காட்டுக்குப் பக்கத்து நிலமென்றால் தமிழக அரசின் 2023 மின்வேலி விதிகள்படி வனத்துறையில் பதிவும் வேண்டும்.

வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பி இழுப்பது கொலைக்குச் சமம். வேலிக் கருவி விநாடிக்கு ஒரு துடிப்பு கொடுத்து விட்டுவிடும். லைன் மின்சாரம் பிடித்தால் விடாது. வரப்பில் தண்ணீர் பார்க்க வருகிறவர்தான் சாகிறார். தீனிக்குள் வெடிமருந்து வைத்துப் போடும் அவுட்டுக்காயும் அப்படித்தான், வாய் சிதறிய மாடு பல நாள் பட்டினி கிடந்தே சாகும்.

சுடுவதற்கு வழி இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். துப்பாக்கி விவசாயி கையில் அல்ல. கண்மாய்ப் பன்னிகள் பலவும் இந்த மூன்றாம் எல்லையில்தான் வரும். அதனால் வனத்துறைக்குக் கொடுக்கும் மனுவோடு சிட்டா, அடங்கல், காப்புக்காட்டிலிருந்து தூரம் ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கி, சேதத்தின் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். குளம்புத் தடத்துக்குப் பின்னால் இரண்டு சின்னப் புள்ளி பதிந்திருந்தால் பன்னி. உலர்ந்த மண்ணில் ஆட்டுத் தடத்தில் அது இருக்காது. அந்தத் தடத்தையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.