கதிரையில் இருப்பவரின் ஆட்டம்

2025 ஜூலை 5, சனி

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் நைன் போல் போட்டி இன்று தொடங்கியது. எண் வரிசையில் பந்துகளைக் குறிவைத்து, ஒன்பதாம் பந்தைக் குழியில் விழுத்துகிறவர் வெல்லும் பூல் ஆட்டம் அது. கச்சான் காற்று அடித்துத் தள்ளியதால் தரைப் பக்கக் கதவுகளைச் சாத்திவிட்டுத்தான் விளையாட வேண்டியிருந்தது. இந்த முறையும் நடுவர் நான்தான். முதல் இரண்டு ஆட்டங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. மூன்றாவதைப் பற்றி எழுதியே ஆகவேண்டும்.

கராஜ் வைத்திருக்கும் அண்ணனும் கம்பஸில் படிக்கும் தம்பியும் ஆடினார்கள். அண்ணன் நல்ல ஆட்டக்காரர், அதை யாரும் மறுக்க மாட்டார்கள். தம்பி முன்னிலையில் இருந்தான். ஏழாம் பந்து நீளப் பக்க ஓரத்திலிருந்து ஒரு விரல் அளவு விலகி, மூலைக் குழிக்கு நேராக நின்றது. தம்பி குனிந்தான். அண்ணன் தன் கதிரையில் இல்லை. அதே மூலைக் குழிக்குப் பின்னால், தம்பியின் பார்வை போகும் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். தம்பி கியூவை, அதாவது அடிக்கும் கோலை, பின்னுக்கு இழுத்த அந்தக் கணத்தில், தன் கியூவை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். அவ்வளவுதான். பந்து குழியின் வாயில் இரண்டு பக்கமும் தட்டிவிட்டு வெளியே நின்றது.

ஆட்டத்தை நிறுத்தி அண்ணனை எச்சரித்தேன்.

“நான் வாயே திறக்கேல்லையே” என்றார்.

“வாயைப் பற்றி நான் கதைக்கேல்லை அண்ணே. நிண்ட இடமும் அசைஞ்ச நேரமும் பிழை.”

பந்தின் குறுக்களவு 57 மில்லிமீற்றர். போட்டி மேசையில் மூலைக் குழியின் வாய் ஏறத்தாழ 115. பந்தைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் இல்லை. ஒன்பது அடி மேசையில் அந்த இடைவெளிக்குள் பந்தை அனுப்ப வேண்டுமானால், அடிக்கும் முன் கண் ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். தேர்ச்சி கூடக் கூட அந்த நிலைத்த பார்வை நீளுகிறது என்பதைப் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். கண்ணின் ஓரத்துக்கு எழுத்தோ நிறமோ சரியாகத் தெரியாது. அசைவு மட்டும் உடனே தெரியும். அதைப் பார்ப்பதா விடுவதா என்று நம்மைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. கராஜ் அண்ணனுக்கு இது தெரியும். தெரிந்தபடியால்தான் அங்கே போய் நின்றார்.

ஆட்டத்தில் தம்பி தோற்றான். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்பதால் இன்னும் போட்டியில் இருக்கிறான்.

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே அண்ணன் போன் எடுத்தார். கோபமில்லை, வாதாட வேண்டும் என்று எடுத்தார். “மனசைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன் எதுக்குக் கியூவைத் தூக்கவேணும்? இதுவும் ஒரு சோதனைதானே” என்பது அவர் பேச்சு. ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. எதிராளியைத் திணறடிக்க இந்த ஆட்டத்திலேயே எவ்வளவோ வழி இருக்கிறது. வெள்ளைப் பந்தை இன்னொரு பந்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கலாம். ஓரத்தோடு ஒட்டவைத்து, கியூவின் நுனி பந்தின் தலையில் மட்டும் படும்படி செய்யலாம். ஒரே ரேக்கில், அதாவது பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு சுற்றில், எதிராளியைத் தொடர்ந்து மூன்று பௌல் (விதிமீறல்) செய்யவைத்து அந்த ரேக்கையே பறிக்கலாம். அப்படி மேசைக்கு மேலே என்ன கொடுமை செய்தாலும் எழுந்து நின்று கைதட்டுவேன். மேசைக்கு வெளியே நின்று செய்வதற்குக் கைத்திறன் எதுவும் தேவையில்லை.

உலக பூல் பில்லியர்ட்ஸ் சங்கத்தின் விதிகளை அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தை எவையெவை என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. பந்தைக் கையால் நகர்த்துவது, மேசையில் அடையாளம் இடுவது, ஆட்டத்தை இழுத்தடிப்பது எல்லாம் அதில் வருகின்றன. ஆனால் முதலாவதாக நிற்பது எதிராளியின் கவனத்தைக் குலைப்பது. தண்டனை எச்சரிக்கையில் தொடங்கி, ரேக்கை இழப்பது, ஆட்டத்தை இழப்பது, போட்டியிலிருந்தே வெளியேற்றுவது வரை போகும். எது பொருத்தம் என்பதை நடுவரின் தீர்ப்புக்கே விட்டிருக்கிறார்கள்.

பார்த்துவிட்டார் என்று நீல நிறக் குறி காட்டியது. பதில் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

எசல போயா, பௌர்ணமி விடுமுறை. பார் மூடியிருந்தது. மண்டபத்தில் பயிற்சிக்கு வந்தவர்கள் சிலர்தான்.

மாஸ்டர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், இளமையில் கரம் போர்ட்டில் இந்தப் பக்கத்தையே ஆட்டிவைத்தவர். கவனம் குலைப்பதில் ஆகக் கெட்டது எது தெரியுமா என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார், பாராட்டுத்தானாம். தொடர்ந்து வென்றுகொண்டிருப்பவனிடம் இடைவேளையில் போய், “தம்பி, இண்டைக்கு உன்ர கை நல்லா ஓடுது. அடிக்க முன்னம் மூச்சைப் பிடிக்கிறியா, விடுறியா?” என்று அன்பாகக் கேட்டால் போதும். அடுத்த அடியில் அவன் தன் மூச்சைக் கவனிக்கத் தொடங்குவான். பழகிப் பழகித் தானாக நடந்த ஒன்றை யோசித்துச் செய்ய வெளிக்கிட்டால் கை தடுமாறும்.

சத்தம், அசைவு, சாவிக்கொத்து, கிளாஸில் ஐஸ் கிலுங்குவது, இவற்றையெல்லாம் நான் கண்ணால் கண்டு சொல்லலாம். இதை எப்படிப் பிடிப்பது? கேட்டவர் உண்மையாகவே அறிய விரும்பியும் கேட்டிருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

யூரியூப்பில் பழைய மொஸ்கோனி கிண்ண ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். 1994இல் தொடங்கிய போட்டி, ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதுவது. கூட்டம் பாடுகிறது, கூவுகிறது, எதிரணி தவறவிட்டால் ஆரவாரம் செய்கிறது. நைன் போல் உலகப் பட்டத்தை மூன்று முறை வென்ற ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் காதை முழுக்க மூடும் கவசம் போட்டுக்கொண்டு ஆடியதுகூட உண்டு.

அங்கே அது சரியென்றால் இங்கே ஏன் இவ்வளவு கடுமை என்று யாராவது கேட்கக்கூடும். என் பதில் இதுதான். கூட்டத்தின் சத்தம் இரண்டு பேருக்கும் பொது, அதைத் தெரிந்துகொண்டுதான் இருவரும் வருகிறார்கள். எங்கள் மண்டபத்திலும் காற்றில் கதவு அடிக்கும், வீதியில் ஆட்டோ ஹோர்ன் அடிக்கும், சீசன் காலத்தில் கடற்கரையில் போடுகிற பாட்டு சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். அதற்கெல்லாம் நான் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. எதிராளி குனியும் வரை காத்திருந்து, அந்தக் கணத்தைப் பார்த்து ஒருவர் அசைவதை மட்டும் விடமாட்டேன்.

ஜூலை 19, சனி

இன்று சண்டையே வந்துவிட்டது.

கராஜ் அண்ணனும் நிலாவெளியில் ஹோட்டல் வரவேற்பில் வேலை செய்யும் தங்கச்சியும். ஆட்டம் சமநிலை, கடைசி ரேக். மேசையில் எட்டும் ஒன்பதும் மட்டும் மிச்சம். இரண்டும் எளிய பந்துகள். தங்கச்சி கியூவின் நுனிக்குச் சோக் பூசி, குனிந்து, இடக்கையைத் துணியில் ஊன்றினாள். அண்ணன் கதிரையில்தான் இருந்தார், அதைச் சொல்லவேண்டும். இருந்தபடியே தன் கியூவின் நடு மூட்டைத் திருகிக் கழற்றத் தொடங்கினார். அமைதியான மண்டபத்தில் அந்தக் கிறீச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தங்கச்சி நிமிர்ந்துவிட்டாள்.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் மரியாதை போல வெளியே தெரியும். ஆனால் அவள் தவறவிட்டால் அவர் திரும்பப் பூட்டிக்கொண்டு வருவார். இதை முன்பே யோசித்துச் சர்வதேசப் போட்டி விதிகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். தீர்மானிக்கும் ரேக்கில் எதிராளி மேசையில் நிற்கும்போது தன் கியூவைக் கழற்றினால், ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளப்படும். முதல் நாளே எல்லாருக்கும் வாசித்துக் காட்டியிருந்தேன்.

“ஆட்டம் முடிஞ்சுது. தங்கச்சி வெற்றி” என்றேன்.

“நான் மரியாதைக்குத்தானே கழட்டினனான்!”

“மரியாதை எண்டால் எழும்பி வந்து கைகொடுங்கோ அண்ணே.”

பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். சிலர் எனக்காக, பலர் அவருக்காக. அண்ணன் கொஞ்ச நேரம் கழற்றிய இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் வந்து தங்கச்சிக்குக் கைகொடுத்தார். எனக்குத் தரவில்லை. பரவாயில்லை.

எல்லாரும் போன பிறகு தங்கச்சி வந்து, “தீர்ப்புச் சரிதான் அண்ணே. ஆனா அந்த ரெண்டு பந்தையும் நான் அடிச்சே வெண்டிருப்பன். இனி எல்லாரும் சட்டத்தால வெண்டவள் எண்டுதான் சொல்லுவினம்” என்றாள். தீர்ப்பை நான் மாற்றப்போவதில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மை. கவனத்தைக் குலைக்கிறவர் பறிப்பது ஒரு புள்ளியை மட்டுமில்லை. அந்த வெற்றியை மனநிறைவோடு சொல்லிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துப் பறிக்கிறார். அதைத் திருப்பிக் கொடுக்க எந்த விதியிலும் இடமில்லை. இரவு முழுக்க எனக்கு இதே யோசனை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்காக விரதம். காத்தோட்டிக்காய் பொரித்துப் படைத்துச் சாப்பிட்ட பிறகு, பின்னேரம் மண்டபத்துக்குப் போனேன்.

கம்பஸ் தம்பியும் கராஜ் அண்ணனும் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இரண்டு முறை தோற்று வெளியேறிவிட்டார், ஆனால் மண்டபத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. தம்பி மேசைக்கு மேலே எட்டிச் சாய்ந்து அடித்தான், பந்தும் விழுந்தது. உடனே நிமிர்ந்து, “பௌல். சேட்டு நாலாம் பந்தில பட்டுட்டுது” என்று சொல்லி, வெள்ளைப் பந்தை எடுத்து அண்ணன் கையில் வைத்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், எனக்குத் தெரியவில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, வைத்து, அடித்தார்.

ஸ்னூக்கரில் இது ஊறிப்போன வழக்கம். நடுவர் காணாத பௌலைக்கூட ஆட்டக்காரரே எழுந்து சொல்லுவார், சொல்லாவிட்டால்தான் பேச்சாகும். எங்கள் மேசைகளிலும் அது வரவேண்டும் என்பது என் பெரிய ஆசை.

ஜூலை 26, சனி

இறுதி ஆட்டம். தம்பி வென்றான். ஆட்டம் நெடுக இருவரும் நன்றாகவே ஆடினார்கள், கடைசியில் தங்கச்சியின் பிரேக், அதாவது ரேக்கைத் தொடங்கிவைக்கும் முதல் அடி, இரண்டு முறை கைவிட்டதுதான் வித்தியாசம்.

நான் அதிகம் பார்த்தது கதிரையில் இருந்தவரைத்தான். தம்பி மேசையில் நிற்கும்போது தங்கச்சி கியூவை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தண்ணீர்ப் போத்தல் பக்கத்திலேயே இருந்தது. அவன் அடித்து, பந்துகள் ஓய்ந்த பிறகுதான் மூடியைத் திறப்பாள். ஒருமுறை பாதி திறந்தபோது அவன் சட்டென்று குனிந்துவிட்டான். மூடியில் கை வைத்தபடியே அப்படியே இருந்தாள்.

ஓகஸ்ட் போட்டிக்கான விதிகளை எழுத மாஸ்டரும் நானும் இரவு உட்கார்ந்தோம். எதிராளி மேசையில் நிற்கும்போது கதிரையை விட்டு எழக்கூடாது, கியூவைத் தொட்டுத் திருகக்கூடாது, இரண்டிலும் ஒத்துப்போனோம். கதிரைகளையும் குழிகளின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கிச் சுவரோடு போடப்போகிறோம். பேச்சு விஷயத்தில்தான் இழுபறி. இடைவேளையிலும் எதிராளியின் ஆட்டத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று எழுதச் சொல்கிறார் மாஸ்டர். உண்மையான பாராட்டையும் அது சேர்த்து வெட்டிவிடும், ஆட்டம் முடிந்த பிறகு பேசலாம் என்றாவது போடுவோம் என்கிறேன் நான். செவ்வாய்க்கிழமை எல்லா ஆட்டக்காரரையும் கூப்பிட்டிருக்கிறோம். கராஜ் அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன். வருகிறேன் என்றார்.