வெல்வெட் உதிராத கலை: வில்ட்ஷயர் வேட்டைக் குறிப்புகள்

ஏப்ரல் 21, 2024, ஞாயிறு

தெற்கு இங்கிலாந்து, வில்ட்ஷயர். சுண்ணாம்புக் குன்றின் சரிவில் ஹேசல் புதர்க்காடு, அதன் அடியில் கோதுமை. காலை 6 மணிக்கு வயல் ஓரத்தில் ரோ மான் என்ற சிறிய ஐரோப்பிய மான் இனத்தின் மூன்று கலைகள், அதாவது ஆண் மான்கள். இரண்டுக்குக் கொம்பு சுத்தமாகிவிட்டது. அவை உரசிய இளமரங்களில் பட்டை உரிந்து வெள்ளைத் தடம். மூன்றாவதன் தலையில் மட்டும் வெல்வெட், அதாவது வளரும் கொம்பைப் போர்த்தும் மயிர்த்தோல், அப்படியே இருக்கிறது.

இதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. ரோ மான் இலையுதிர்காலக் கடைசியில் கொம்பை உதிர்த்துவிட்டு, கடுங்குளிரிலேயே புதுக்கொம்பு வளர்க்கும். முதிர்ந்தவை மார்ச், ஏப்ரலில் தோலைத் தேய்த்துவிடும். ஓராண்டுக் குட்டிகள் மே கடைசி வரை இழுக்கும். ஆனால் இது குட்டியில்லை. உடற்கட்டும் நிதானமான நடையும் முதிர்ந்த கலையினுடையவை. கழுத்து மட்டும் பிணையை, அதாவது பெண் மானைப் போல மெலிந்திருக்கிறது. சந்தேகம் அங்கேதான்.

மே 12, ஞாயிறு

குளிர்கால மயிர் பாதி கொட்டி, செம்பழுப்பு மேலே வருகிறது. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் பாசி பிடித்த கல்லைப் போல ஒரு பிண்டம். இடப்பக்கம் நெற்றி வரை வழிந்திருக்கிறது. இனி ஐயமில்லை, இது பெரூக். பொய்ம்முடி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்.

விசித்திரக் கொம்புகள் எல்லாமே ஒரே காரணத்தால் வருவதில்லை. கொம்பு முளைக்கும் அடித்தண்டு முறிந்தால் ஒரு கொம்பு பக்கவாட்டில் தொங்கும், அல்லது மூன்றாவது கொம்பு கிளம்பும். வளரும் பருவத்தில் அடிபட்டால் கோணும். இப்படிப்பட்ட கலைகள் வழக்கம்போல வெல்வெட்டைத் தேய்த்து, எல்லை பிடித்து, நன்றாகவே வாழும். அவற்றைச் சுட அவசரமே இல்லை.

பெரூக் வேறு வகை. விதைப்பையில் காயமோ நோயோ வந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்தால் கொம்பு எலும்பாக இறுகாது, வெல்வெட்டும் காயாது. உயிருள்ள திசு நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும். இறுகிய கொம்போடு இருக்கும்போது காயம் பட்டால், சில வாரங்களில் அந்தக் கொம்பு விழுந்துவிடும். அடுத்து முளைப்பதுதான் பெரூக் ஆகும். முள்கம்பி வேலியைத் தாண்டும்போது கிழிபடுவது ஒரு காரணம். பிண்டம் கண்ணை மூடும், உராய்ந்து கசியும், கோடையில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். இன்னும் வளரட்டும், தலை பெரிதாகட்டும் என்று ஆகஸ்ட் வரை காத்திருப்பது அந்த விலங்குக்குச் செய்யும் கொடுமை.

மே 26, ஞாயிறு

தானியங்கிக் கேமரா இரண்டு, தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில், வடக்கு நோக்கி. கிழக்கோ மேற்கோ பார்த்தால், நமக்கு வேண்டிய நேரத்தில் வெயில் நேராக லென்ஸில் விழுந்து படம் வெளுத்துவிடும்.

படங்களில் தெரிவது: சுற்றளவு சிறிய ஒரே பகுதி. பிளாக்பெர்ரி முட்புதருக்கும் கோதுமை ஓரத்துக்கும் இடையில்தான் நடமாட்டம். மற்ற கலைகள் துரத்தும்போது எதிர்க்காமல் விலகிப்போகிறது.

ரோ மான் வேட்டையில் பெயர்பெற்ற உத்தி, ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் பிணையின் குரலை ஊதி அழைப்பது. இந்தக் கலையிடம் அது செல்லாது. அழைப்புக்கு ஓடிவரச் செய்யும் ஹார்மோனே இதற்கு இல்லை. ஊதினால் அக்கம்பக்கத்துக் கலைகள்தான் வரும். மேயும் இடத்தில் காத்திருப்பது ஒன்றே வழி.

ஜூன் 2, ஞாயிறு

மாலை 7:30 முதல் சரிவின் மேல்விளிம்புப் பரணில். 8:50க்கு முட்புதர் அசைந்தது. நாய் குரைப்பது போன்ற எச்சரிக்கைக் குரல் நான்கு முறை. அத்தோடு முடிந்தது.

பிழை பரண் இருந்த இடத்தில். 7:30க்கு மேற்குக் காற்று சாதகமாக இருந்தது. வெயில் இறங்கியதும் காற்று ஓய்ந்து, சரிவின் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி வழியத் தொடங்கியது. மனித வாடையை நேராகப் புதருக்குள் கொண்டுபோனது. மாலையில் மானுக்குக் கீழே இருக்க வேண்டும். வெயில் ஏறிய காலையில் சரிவு சூடேறிக் காற்று மேலே போகும், அப்போது மேலே இருக்கலாம். காற்றின் திசை காட்டும் பவுடர் குப்பியை வந்தவுடன் ஒரு முறை தட்டிப் பார்த்தால் போதாது, கால் மணிக்கு ஒரு முறை தட்ட வேண்டும். மூன்று நாள் அந்தப் பக்கம் போகாமல் விட வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

நகர்த்தும் பரண், சரிவின் அடியில், புதரிலிருந்து 85 மீட்டர். பின்னால் மேடேறும் மண். குண்டு துளைத்துப் போனாலும் அதில் புதையும்.

ரைஃபிள் .243, குண்டு 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்). இங்கிலாந்துச் சட்டப்படி ரோ மானுக்குக் குழல் விட்டம் .240 அங்குலத்துக்கும், ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கும் குறையக் கூடாது. கலைகளின் பருவம் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் வரை சுடலாம். நோயாலோ காயத்தாலோ வதைபடும் மானைப் பருவத்துக்கு வெளியிலும் முடித்துவைக்க 1991ஆம் ஆண்டு மான் சட்டம் இடம் தருகிறது.

9:05க்கு வெளியே வந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது, இடக்கண் மறைந்துவிட்டது. பக்கவாட்டில் திரும்பும் வரை பொறுத்தாக வேண்டும். குறி: முன்காலின் பின்விளிம்பு வழியே மேலே வந்து, உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. தலையில் சுடும் எண்ணமே கூடாது; பிண்டத்துக்குள் மண்டை எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

குண்டு பட்டதும் துள்ளி 40 மீட்டர் ஓடிப் புதரோரம் விழுந்தது. பட்ட இடத்தில் நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம், அதாவது நுரையீரல். கருத்த இரத்தமோ பச்சைக் கலப்போ இருந்திருந்தால் உடனே பின்தொடரக் கூடாது. கிளப்பிவிட்ட மான் வெகுதூரம் போய்விடும். எதுவானாலும் கால் மணி நேரம் அசையாமல் இருப்பது நல்லது.

ஜூன் 7, வெள்ளி

கையுறை கட்டாயம், உடல் ஆறும்போது உண்ணிகள் கிளம்பும். விதைகள் இரண்டும் பட்டாணி அளவு, ஒன்றின் மேல் பழைய தழும்பு. இந்த மாதத்தில் நல்ல கலைக்கு அவை பெருத்துக்கொண்டு வர வேண்டும். பிண்டத்தின் மடிப்பில் புழு வைக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் உயிரோடு அரித்திருக்கும்.

குடல் நீக்கிய எடை 17 கிலோ. தலைப்புண் இருப்பதால் தொண்டை, நுரையீரல், குடல் நிணநீர்க் கணுக்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வீக்கமோ சீழோ இருந்தால் இறைச்சி முழுவதும் கழிவு. இதில் தொண்டைக் கணுக்கள் இரண்டு வீங்கியிருந்தன. உணவுக்குச் சேர்க்கவில்லை.

தலையைச் சாதாரணக் கொம்பு போலக் கொதிநீரில் போடக் கூடாது. திசு கழன்று, கடற்பஞ்சு போன்ற எலும்பு மட்டுமே மிஞ்சும். புழுவைக் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்தி, பை சுற்றி உடனே உறைபெட்டியில். பிறகு உறைநிலையிலேயே ஈரம் நீக்கி உலர்த்துபவரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் நான்கு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம்.

கீழ்த்தாடையைத் தனியே எடுத்து வேகவைத்தாயிற்று. கடைவாய்ப் பற்கள் வெகுவாகத் தேய்ந்திருக்கின்றன. ஏப்ரலில் நடையைப் பார்த்துச் சொன்ன வயதைப் பற்களும் ஒப்புக்கொள்கின்றன.