கசடு காயவில்லையா? முதலில் மணலைப் பாருங்கள்

கழிவுநீர்க் கசடு, அதைக் காயவைக்கும் மணல் பரப்பான உலர்படுக்கையில் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடந்தால் பலரும் வெயிலைத்தான் குறை சொல்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அடியில் இருக்கிறது.

கணக்கு எளிது. 2 சதவீதத் திடப்பொருள் உள்ள 1000 கிலோ கசடில் திடம் 20 கிலோதான். அதை 25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது 80 கிலோ. 920 கிலோ தண்ணீர் போயாக வேண்டும். அதில் பெரும்பகுதி முதல் சில நாட்களில் மணல் வழியே வடிய வேண்டியது. வடியாததை வெயில் மட்டும் இழுத்து முடிக்காது.

ஒவ்வொரு முறை காய்ந்த கசடை வாரும்போதும் மணலும் கொஞ்சம் போகும், நுண்துகள் மேலே அடைத்துக்கொள்ளும். எனவே மேல்மணலை 2, 3 செ.மீ. சுரண்டி எடுத்து, கழுவிய புது மணல் போடுங்கள். களிமண் கலந்த மணல் வேண்டவே வேண்டாம்.

கசடை 20 முதல் 30 செ.மீ. வரை மட்டும் ஊற்றுங்கள். இடம் மிச்சம் என்று 45 செ.மீ. நிரப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே கூழாகவே நிற்கும். முந்தைய கசடு காயுமுன் அதன்மேல் ஊற்றுவது அதைவிட மோசம்.

கசடின் துகள்களைக் கட்டிகளாகச் சேர்க்கும் பாலிமர் என்ற வேதிப்பொருள் உதவும், அளவு மிஞ்சினால் பிசுபிசுத்து மணலை அடைக்கும். முகவையில் சோதித்து, கட்டிகள் தெளிவாகப் பிரியும் மிகக் குறைந்த அளவை எடுங்கள். வேகமாகக் கலக்கினால் கட்டிகள் உடைந்துவிடும்.

வடிதல் நின்று வெடிப்பு விழுந்ததும் கிளறிவிடுங்கள். அதற்குமுன் கிளறினால் மணலோடு கலந்து சேறாகிவிடும். வடிநீரைச் சுத்திகரிப்பின் தொடக்கத்துக்கே திருப்புங்கள், வெளியே விடக்கூடாது.