டெண்டரில் சேர்க்க வேண்டிய ஒரு நிபந்தனை

நாகர்கோவில் மாநகராட்சியிலும் நம் மாவட்டத்தின் நகராட்சி, பேரூராட்சிகளிலும் தூய்மைப் பணி முதல் சாலைப் பணி வரை பல வேலைகள் ஒப்பந்ததாரர்கள் மூலமே நடக்கின்றன. அந்த வேலைக்கு வருபவர் மீது எப்போதோ ஒரு வழக்கு இருந்திருந்தால், அதை எந்தக் கட்டத்தில் கேட்கலாம், எவ்வளவு தூரம் கணக்கில் எடுக்கலாம் என்பதைப் பற்றி நான் பார்த்த டெண்டர் ஆவணங்கள் எதிலும் ஒரு வரிகூட இல்லை. ஆளெடுக்கும் மேற்பார்வையாளர் “கேஸ் இருக்கு” என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது.

வழக்குப் பதிவாவதும் குற்றவாளி என்று தீர்ப்பாவதும் வேறு வேறு என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபின், கடலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி மீனவ மக்கள் டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் செய்தார்கள். அதற்கும் வழக்குகள் பதிவாகின. கூடங்குளம் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே கூறியது. இத்தகைய வழக்கில் பெயர் சேர்ந்த ஒருவரும், திருட்டில் தண்டனை பெற்ற ஒருவரும் காவல் சரிபார்ப்பு முடிந்ததும் ஒரே காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுவது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது. தண்டனையை அனுபவித்து முடித்தவருக்கும் பிழைப்பு வேண்டும் என்பது அதற்கும் மேலான நியாயம்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014-இல் கொண்டுவந்த விதி இங்கே நாம் கவனிக்க வேண்டியது, ஏனெனில் அது நகர நிர்வாகத்தின் ஒப்பந்ததாரர்களையும் கட்டுப்படுத்துகிறது. தண்டனையில் முடியாத கைதையும், ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய தண்டனையையும் பொதுவாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. பழைய குற்றத்தைக் காட்டி மறுக்க நினைத்தால் பின்னணி சரிபார்ப்பு அறிக்கையை விண்ணப்பித்தவரிடமே கொடுத்து, பதில் சொல்ல ஏழு நாள் விட வேண்டும். அந்த ஏழு நாள்தான் இதில் உயிரான பகுதி என்று நினைக்கிறேன். பெயர்க் குழப்பத்தாலோ, விடுதலையானது பதிவேட்டில் ஏறாததாலோ வேலை இழப்பவர் தன் தரப்பைச் சொல்ல அதைவிட்டால் வேறு இடமில்லை. அமெரிக்க மத்திய அரசும் தன் ஒப்பந்ததாரர்களுக்காக 2019-இல் ஒரு சட்டம் இயற்றியது. நிபந்தனையுடன் வேலை தருவதாகச் சொன்ன பின்னரே பழைய குற்றத்தைப் பற்றிக் கேட்கலாம் என்பது அதன் சாரம்.

நம் நாட்டுச் சட்டத்திலும் இதற்கு அடித்தளம் இருக்கிறது. குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை நிபந்தனையில் விடுவிக்க வழிசெய்யும் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவும், 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவும், அவற்றின்கீழ் வருபவர்கள் தண்டனையால் நேரும் தகுதியிழப்பைப் பொதுவாகச் சுமக்க வேண்டியதில்லை என்கின்றன. அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், இளவயதில் கோஷம் போட்டது போன்ற சிறு வழக்கை மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் அந்த வழக்கு அரசுப் பணியாளர்களைப் பற்றியது. ஒப்பந்ததாரரிடம் நாள் கூலிக்கு நிற்பவர் அந்தத் தீர்ப்பை யாரிடம் காட்டுவார்?

குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவரைப் பள்ளி வளாக வேலைக்கு விடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே தடையைக் கால்வாய் தூர்வாரும் வேலைக்கும் பொதுவாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். செய்த குற்றத்துக்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பு இருக்கிறதா, இடையில் எத்தனை ஆண்டுகள் கழிந்திருக்கின்றன என்ற இரண்டையும் பார்த்தே மறுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதற்காகச் சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. ஒப்பந்த நிபந்தனைகளை வகுப்பது உள்ளாட்சி அமைப்பின் கையில் இருப்பதால், அடுத்த தூய்மைப் பணி டெண்டரிலேயே இவற்றைச் சேர்க்கலாம். எழுத்துமூலம் காரணம் தராமல் ஆளைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்ததாரரின் பில்லை, அவர் விளக்கம் தரும்வரை ஆணையரோ செயல் அலுவலரோ நிறுத்திவைக்கலாம் என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும்.