வாசலோடு முடியாத பொறுப்பு

மதுக்கூட மேலாளரின் சட்டப் பொறுப்பு எது என்று கேட்டால், போதை ஏறியவருக்கு மேற்கொண்டு மது கொடுக்கக் கூடாது என்பதே பெரும்பாலும் முதல் பதிலாக வரும். அது சரியான பதில்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி, ஒருவர் போதையில் இருக்கிறார் என்று தெரிந்தே அவருக்கு மது விற்பது 1,000 பவுண்டு வரை அபராதத்துக்குரிய குற்றம். அவர் அங்கேயே குடிப்பதற்காக நண்பர் தெரிந்தே வாங்கித் தருவதும் குற்றமே. ஆனாலும், மேலாளர் மிகுதியாகத் தவறுவது விற்பனையை நிறுத்திய பிறகுதான் என்பது என் கணிப்பு.

கனடாவின் உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்த ஜோர்டான் ஹவுஸ் விடுதி வழக்கு இதற்குத் தக்க சான்று. அளவு மீறிக் குடிப்பவர் என்று ஊழியர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு வாடிக்கையாளருக்கு மது கொடுத்துவிட்டு, பிறரைத் தொந்தரவு செய்தார் என்று இரவில் அவரை வெளியேற்றினார்கள். நெடுஞ்சாலையில் நடந்துசென்ற அவர்மீது கார் மோதியது. விடுதி, காரோட்டி, காயமடைந்தவர் ஆகிய மூவருக்கும் சமமாக, மூன்றில் ஒரு பங்கு பொறுப்பு என்று பிரிக்கப்பட்டது. வெளியேற்றும் உரிமை விடுதிக்கு இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை; அவரது நிலையை அறிந்திருந்தும், பாதுகாப்பாக வீடு சேர வழிசெய்யாமல் ஆபத்துக்குள் அனுப்பியதே குறையாகக் கொள்ளப்பட்டது.

எல்லா நாடுகளும் இந்த வழியில் செல்வதில்லை. தாஸ்மேனியாவில் ஒரு வாடிக்கையாளர் தம் மோட்டார் சைக்கிளை விடுதிப் பொறுப்பில் பூட்டி வைக்கச் செய்து, குடித்தபின் அதைப் பிடிவாதமாகத் திரும்பக் கேட்டுப் பெற்றுச் சென்று விபத்தில் இறந்தார். மனைவியை அழைக்க விடுதிக்காரர் முன்வந்தும் அவர் மறுத்திருந்தார். வயதுவந்த ஒருவரின் வண்டியை அவருக்கே தர மறுக்கும் அதிகாரம் விடுதிக்காரருக்கு எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுந்தது. அவர்மீது பொறுப்பு இல்லை என்று 2009இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. இத்தீர்ப்பின் தர்க்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இதை நம்பி ஒரு மேலாளர் சாவியை எடுத்து நீட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அமெரிக்காவின் பல மாநிலங்களில், போதையில் வாகனம் ஓட்டியவரால் காயமடைந்த மூன்றாம் நபரே மதுக்கூடத்தின்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்க இயலும்.

ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்ற பின் அரைகுறையாக விடுவதும் ஆபத்தானது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், கடற்படைத் தளம் ஒன்றில் குடித்து மயங்கிய வீரரின் மரணத்தில், அவர் குடித்ததைத் தடுக்காததற்காக அல்ல, விழுந்தபின் சரிவரக் கவனிக்காததற்காகவே நிர்வாகத்தைப் பொறுப்பாக்கியது. மயங்கியவரைப் பின்னறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மூச்சு அடைத்துப்போகும் அபாயம் இருப்பதால், ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆள் அருகிலிருந்து, எழுப்பியும் எழாதவருக்கு ஆம்புலன்ஸ் அழைத்தாக வேண்டும்.

மது மறுக்கப்பட்ட நேரம், காரணம், டாக்ஸி அழைக்கப்பட்டதா, யாருடன் சென்றார் என்பனவற்றை அன்றிரவே சம்பவப் பதிவேட்டில் எழுதி, கண்காணிப்புக் கேமராப் பதிவையும் அழியாமல் எடுத்து வைப்பது மேலாளரின் வேலை. வழக்கு பல மாதங்கள் கழித்து வரும்போது, அன்று பணியிலிருந்த ஊழியர் வேலையைவிட்டே போயிருக்கக்கூடும்.